ஒப்பந்தத்தில் அந்த ஒரு வரியை மாற்றச் சொல்லுங்கள்

திருமணத்துக்கு வரும் விருந்தினர் யாரும் படம் எடுக்கக் கூடாது என்று புகைப்படக்காரர் ஒப்பந்தத்தில் எழுதியிருப்பது ஆணவமா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி ஆணவம், பாதி நியாயம் என்பேன்.

நியாயமான பாதியைச் சொல்கிறேன். ஓரங்களில் நிறுத்தும் துணை ஃபிளாஷ் விளக்குகளில் சில, வேறொரு ஃபிளாஷின் ஒளி பட்டாலே தாமும் மின்னும் வகை. விருந்தினரின் கேமரா மின்னினால் அவையும் மின்னிவிடும். மறுபடி மின்னேற்றம் பெறுவதற்குள் முக்கியமான கணம் போய்விடும். ரேடியோ அலையில் இயங்கும் விளக்குகளுக்கு இந்தத் தொல்லை இல்லை. அவரிடம் இருப்பது எந்த வகை என்று முதலில் கேளுங்கள். செல்பேசியின் எல்இடி விளக்கு பொதுவாக இதைச் செய்யாது. அதனால் வரும் கேடு வேறு, நடுவழியில் நீளும் கை!

குழுப் படத்தில் ஆளுக்கொரு கேமராவைப் பார்த்தால் ஒன்றும் தேறாது. அவர் எடுத்து முடித்தபின் மற்றவர்களுக்கு ஒரு நிமிடம் விடச் சொல்லுங்கள்.

முழுத் தடைக்கு மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். ‘சடங்கின்போது ஃபிளாஷ் கூடாது, புகைப்படக்காரரை மறைத்து நிற்கக் கூடாது’ என்று அந்த வரியை மாற்றித் தரச் சொல்லுங்கள். அவருடைய படங்கள் வந்து சேர வாரக்கணக்கில் ஆகலாம்; அதுவரை உங்கள் கையில் இருக்கப்போவது சித்தப்பா எடுத்தவைதான்.