பத்து சென்டில் தொடங்கிய வங்கி

வணக்கம் ஐயா,

மொன்றியலில் இருக்கிறேன். டெஜார்டான் கேஸில் (கூட்டுறவு வங்கிக் கிளையில்) கணக்கு வைத்திருக்கிறேன். 'நீங்கள் உறுப்பினர், ஆண்டுப் பொதுக்கூட்டத்துக்கு வாருங்கள்' என்று வருடா வருடம் அறிவிப்பு வருகிறது. ஆனால் கட்டணம் பிடிப்பதிலிருந்து கடன் அட்டை வரை எல்லாம் மற்ற வங்கிகளைப் போலத்தான் இருக்கிறது. இதில் நான் எப்படி உரிமையாளர்? அந்தக் கூட்டத்துக்குப் போய் என்ன ஆகப்போகிறது?

— ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கேஸின் கதை உங்கள் ஊரில் நடந்த ஓர் அநியாயத்தில்தான் தொடங்குகிறது. 1897 ஏப்ரலில் ஒட்டாவாவில் உள்ள கனடா நாடாளுமன்றத்தில் மைக்கேல் க்வின் என்ற உறுப்பினர் கந்துவட்டியைப் பற்றிப் பேசினார். மொன்றியல்காரர் ஒருவர் 150 டாலர் கடனுக்கு 5,000 டாலர் வட்டி கட்ட வேண்டி வந்ததைச் சொன்னார். அதே அவையில் பிரெஞ்சுச் சுருக்கெழுத்தாளராக வேலை பார்த்த அல்போன்ஸ் டெஜார்டானை அது உலுக்கிவிட்டது. ஐரோப்பாவின் மக்கள் வங்கிகளைப் பற்றித் தேடிப் படித்தார், விவரம் தெரிந்தவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டார். 1900 டிசம்பர் 6 அன்று சொந்த ஊரான லெவியில் ஊராரைக் கூட்டி முதல் கேஸான கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார்.

பங்கு ஒன்று 5 டாலர். அதையும் தவணையாகக் கட்டலாம். 1901 ஜனவரி 23 அன்று முதல் வசூல் நடந்தது. முதலில் விழுந்தது 10 சென்ட், அன்று மொத்தம் சேர்ந்தது 26 டாலர் 40 சென்ட்.

நாடாளுமன்றம் கூடும் மாதங்களில் டெஜார்டான் ஒட்டாவாவில் இருந்தாக வேண்டும். அப்போது லெவியில் பணம் வாங்கி, கணக்கு எழுதி, சங்கத்தை நடத்தியவர் அவர் மனைவி டோரிமென். வீடுதான் அலுவலகம். பிள்ளைகள் நிறைந்த வீடு வேறு. 1906 மார்ச்சில் கியூபெக் மாகாணச் சட்டம் வரும்வரை சங்கத்துக்குச் சட்டப் பாதுகாப்பே கிடையாது, ஊரார் பணத்துக்கு ஏதாவது ஆகியிருந்தால் குடும்பமே தெருவுக்கு வந்திருக்கும். டோரிமென் பெயரை இவ்வளவு காலம் பின்னால் வைத்திருந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. கனடா முழுவதற்குமான சட்டத்துக்கும் டெஜார்டான் போராடினார். 1908இல் அது மக்களவையில் நிறைவேறி, மேலவையில் ஒரே ஒரு வாக்கில் தோற்றது.

சொத்துப் பிணை இல்லாதவர்களுக்கு எப்படிக் கடன் கொடுத்தார்கள்? ஒரு கேஸின் எல்லை ஒரு தேவாலயத்தைச் சேர்ந்த ஊர்ப்பகுதி, அவ்வளவுதான். கடன் கேட்பவர் எப்படிப்பட்டவர், பணம் எதற்கு என்பதெல்லாம் கடன் குழுவுக்குத் தெரியும். எத்தனை பங்கு வைத்திருந்தாலும் ஆளுக்கு ஒரு வாக்குதான், பணக்காரர் விலைக்கு வாங்கிவிட முடியாது. இந்த இரண்டும்தான் அதை வளர்த்தன என்று நினைக்கிறேன். 1920இல் டெஜார்டான் இறப்பதற்குள் நூற்றுக்கும் மேற்பட்ட கேஸ்கள் வந்துவிட்டன. இன்று அது கனடாவின் மிகப்பெரிய நிதிக் கூட்டுறவு.

ஆனால் வளர்ந்ததற்கு ஒரு விலை இருக்கிறது. ஒரு காலத்தில் ஆயிரத்துக்கு மேல் இருந்த கேஸ்களை இணைத்து இணைத்துச் சுமார் இருநூறாகச் சுருக்கிவிட்டார்கள். முகம் தெரிந்து கடன் கொடுத்த காலம் போய்விட்டது. உங்களுக்கு அது இன்னொரு வங்கியாகத் தெரிவதில் தப்பே இல்லை. மிஞ்சியிருப்பது அந்த வாக்கு. லாபத்தில் எவ்வளவை உறுப்பினர்களுக்குத் திருப்பித் தருவது, எவ்வளவை ஊர்க் காரியங்களுக்கு ஒதுக்குவது என்று அந்தக் கூட்டத்தில்தான் வாக்கெடுக்கிறார்கள். நிர்வாகக் குழுவைத் தேர்ந்தெடுப்பதும் உறுப்பினர்கள்தான்.

அதனால் போங்கள். கணக்கு வைத்திருக்கும் நம் ஆட்கள் நாலு பேரையும் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் பக்கத்துக் கிளையை மூடும் யோசனை இருக்கிறதா, புதிதாக வந்து குடியேறியவர்களுக்கு எந்த நிபந்தனையில் கடன் தருகிறார்கள் என்று எழுந்து கேளுங்கள். அவர்கள் சொன்ன பதிலை எனக்கும் எழுதுங்கள்.