ஏப்ரலில் சிவனொளிபாதமலை: இடிமழை என்றால் பயணத்தை ரத்துச் செய்வதா?

ரத்துச் செய்ய வேண்டாம். சனிக்கிழமை விடியலை உச்சியில் பார்க்க இலங்கையின் சிவனொளிபாதமலைக்கு ஏறவிருப்பதாகவும், அன்றைக்கு ‘இடியுடன் மழை’ என்று வானிலைச் செயலி காட்டுவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். அது எத்தனை மணிக்கு என்று பாருங்கள். ஏப்ரலில் மலையகத்தில் வெயில் ஏறி, பிற்பகலில்தான் பெரும்பாலும் இடித்துக் கொட்டும். நள்ளிரவுக்குள் அநேகமாக ஓய்ந்துவிடும். முழு நாளுக்கும் ஒரே மேகப் படத்தைப் போட்டுச் செயலி பயமுறுத்துகிறது, அவ்வளவுதான்.

வெள்ளி இரவு பத்து மணிபோல் செயற்கைக்கோள் படத்தைப் பாருங்கள். மேகக்கூட்டம் கலைந்திருந்தால் மலையடிவாரத்து நல்லதண்ணியிலிருந்து அதிகாலை ஒரு மணிக்கே ஏறத் தொடங்குங்கள். வார இறுதியில் கடைசிப் படிகளில் கூட்டம் நகரவே நகராது.

அப்புறம், கீழே ஹற்றன் நகரத்து வெப்பநிலையைப் பார்த்து உடுப்பு எடுக்காதீர்கள். உச்சி 2,243 மீற்றர். ஹற்றனைவிட ஏறக்குறைய ஆயிரம் மீற்றர் மேலே. ஆறு பாகையாவது குறையும், காற்று வேறு. வியர்வையில் நனைந்த சட்டையோடு விடியும்வரை நின்றால் பல் கிட்டிவிடும். காய்ந்த சட்டை ஒன்றைப் பொலித்தீன் பையில் சுற்றி வையுங்கள்.

வழியில் இடி கேட்டால் மட்டும் மேலே போகாதீர்கள். மேல்படிகளில் பிடித்து ஏறுவது இரும்புக் கம்பி. பக்கத்துத் தேநீர்க் கடையில் ஒதுங்கிவிடுங்கள். மழையே இல்லாவிட்டாலும் உச்சியை மூடுபனி மறைக்கலாம். அதற்கு எந்தச் செயலியும் உத்தரவாதம் தராது.