தும்புத்தடியும் சட்டப் படிப்பும்

அன்புத் தங்கச்சிக்கு,

“கிரேட் 10 படிக்கிற பிள்ளை, கேர்லிங்தான் இனி எல்லாம் என்று நிற்கிறாள். தும்புத்தடி பிடித்து ஐஸ் கூட்டுவது ஒரு உத்தியோகமா, அண்ணா?” என்று கேட்டிருந்தீர்கள். உத்தியோகம் இல்லைத்தான். ஆனால் ஐஸில் கல்லை வழுக்கவிட்டு வளையத்தின் நடுவில் நிறுத்துகிற இந்த விளையாட்டில், கனடாவில் உச்சிக்குப் போன பெண்கள் பலர் வேறு உத்தியோகம் பார்த்துக்கொண்டே போனவர்கள்.

மகள் அறைச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறாளே ஜெனிபர் ஜோன்ஸ், அவரையே எடுங்கள். வின்னிபெக் பெண். 1994 இல் கனடிய ஜூனியர் பட்டம். பெண்கள் தேசியப் பட்டமான ஸ்கொற்றீஸ் கைக்கு வந்தது 2005 இல். நடுவில் 11 வருடம் ஓடியிருக்கிறது. மனிற்றோபா பல்கலைக்கழகத்தில் படித்து, சட்டமும் முடித்து, அவர் சட்டத்தரணி ஆனது அந்த வருடங்களுக்குள்தான். மகளுக்குச் சுவரில் பதக்கம் மட்டும் தெரிகிறது. இந்த 11 வருடத்தையும் சொல்லிக் கொடுங்கள்.

2005 இறுதி ஆட்டத்தின் கடைசி எறியை இருவரும் ஒருதரம் இருந்து பாருங்கள், இணையத்தில் கிடக்கிறது. எதிரணி ஒன்ராறியோ 6-4 என்று முன்னுக்கு நிற்கிறது. கடைசிச் சுற்று, கடைசிக் கல், அது ஜோன்ஸின் கையில். நேராகப் போக வழியில்லை. வளையத்துக்கு வெளியே ஓரமாகக் கிடந்த ஒரு கல்லில் தன் கல்லை இடிக்க விடுகிறார். அது அங்கிருந்து சரிந்து உள்ளே வந்து, நடுவில் இருந்த எதிரணிக் கல்லை வெளியே தள்ளுகிறது. நடுவுக்குக் கிட்ட ஜோன்ஸ் அணியின் நாலு கல் மிஞ்ச, ஒரே எறியில் 4 புள்ளி, 8-6 என்று வெற்றி. கிட்டத்தட்ட 19 கிலோ கருங்கல், தங்கச்சி! கரம் போர்ட்டில் ‘கட்’ அடிக்கிற கணக்குத்தான், பலகை மட்டும் 45 மீற்றர் நீளம்.

அதன் பிறகு 2018 வரை இன்னும் ஐந்து தேசியப் பட்டங்கள். 2012 இல் முழங்காலில் அறுவைச் சிகிச்சை, அந்த ஆண்டு நவம்பரில் அவருக்கு ஒரு மகள் பிறந்தாள். 15 மாதம் கழித்து சோச்சி ஒலிம்பிக்கில் ஒரு ஆட்டமும் தோற்காமல் தங்கம். 2024 ஸ்கொற்றீஸ் இறுதியிலும் ஆடினார், அப்போது வயது 49. இருபதுக்குள் முடிகிற விளையாட்டு இல்லை இது. ஹாலிஃபாக்ஸின் கொலீன் ஜோன்ஸ் என்ற இன்னொரு வீராங்கனை முதல் தேசியப் பட்டம் எடுத்தது 1982 இல், அடுத்தது 1999 இல். சிபிசி தொலைக்காட்சியில் வேலையும் பார்த்தார். ஆகவே, இப்போதே எல்லாவற்றையும் விட்டால்தான் உண்டு என்று மகள் அவசரப்பட ஒன்றுமில்லை.

காசு விஷயம் வெளிப்படையாகச் சொல்கிறேன். பரிசுப் பணத்தை அணியே பங்கு போடவேண்டும், விமானச் சீட்டும் ஹோட்டலும் அதற்குள்தான். அரசாங்கத்தின் மாதக் கொடுப்பனவு மேல்மட்டத்துச் சிலருக்கு மட்டும். அமெரிக்கக் கல்லூரி ஸ்கொலர்ஷிப் கிடைக்கும் என்று யாராவது ஆசை காட்டினால் நம்பாதீர்கள். அங்கே கல்லூரி விளையாட்டுச் சங்கமான என்சிஏஏ நடத்தும் விளையாட்டுகளில் கேர்லிங் இல்லை. கனடாவில் பல்கலைக்கழகங்களுக்கிடையே தேசியப் போட்டி இருக்கிறது. அவள் விண்ணப்பிக்கும்போது, அந்தக் கம்பஸில் அணி இருக்கிறதா என்று பாருங்கள்.

அப்புறம், எந்தப் படிப்பு என்பதை நாட்காட்டியை வைத்துப் பாருங்கள். சீசன் செப்டெம்பரில் தொடங்கி ஏப்ரல் வரை போகும். வழக்கமாக ஸ்கொற்றீஸ் பெப்ரவரியில், உலகப் போட்டி மார்ச்சில். வருமானவரிக் கணக்குப் பார்க்கிற வேலை என்றால் அதே மாதங்களில்தான் மூச்சுவிட நேரமிருக்காது. ஷிஃப்ட் மாற்றக்கூடிய வேலை, வீட்டிலிருந்து செய்யக்கூடிய வேலை பரவாயில்லை. இன்னொரு முன்னணி கேர்லிங் வீராங்கனை ரேச்சல் ஹோமன் தாதியியல் படித்தவர். வேலைக்கான நேர்முகத்தில் பெப்ரவரி லீவைப் பற்றிக் கேட்க வெட்கப்படக்கூடாது என்று இப்போதே சொல்லி வையுங்கள்.

பயிற்சிக்காகக் கிரேட் 11 இல் கணிதத்தை விடப்போகிறாளாம் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கு மட்டும் சம்மதிக்காதீர்கள். கணிதத்தை விட்டால் நான் மேலே சொன்ன வழிகளில் பாதி அடைபட்டுவிடும், பிறகு திறக்க ஒரு வருடம் போகும். பயிற்சியில் கிழமைக்கு ஒரு நாளைக் குறைக்கட்டும். பிள்ளை கோபப்படுவாள், நாலு நாளில் ஆறிவிடும்.

இன்னொன்று. நீங்கள் ஒருநாளும் அவளுடைய ஆட்டத்தைப் பார்த்ததில்லை என்றீர்கள். வாசலில் காரை நிறுத்திவிட்டுப் போனைப் பார்த்துக்கொண்டு இருக்காமல், வரும் சனிக்கிழமை உள்ளே போய்க் கண்ணாடிக்குப் பின்னால் நில்லுங்கள். கால் தவறுதலாகக் கல்லில் பட்டால், யாரும் பார்க்காவிட்டாலும் பட்டது என்று தானே சொல்லவேண்டும், அதுதான் அங்கே முறை. ஆட்டம் முடிந்ததும் வென்றவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுப்பார்கள். இந்த வயதில் ஹொட் சொக்லேட். தடித்த சொக்ஸ் போட்டுக்கொண்டு போங்கள், உள்ளே நல்ல குளிர்.

அன்புடன்,
அண்ணா