அஸ்வெசும வறிய குடும்பங்களுக்கு உதவியதா, சமுர்த்தியே மேலாக இருந்ததா?

இலங்கை அரசின் பழைய வறுமை நிவாரணமான சமுர்த்தியை எடுத்துக்கொண்டிருந்த உங்கள் வீட்டாரின் பெயர், அதற்குப் பதிலாக வந்த அஸ்வெசும நிவாரணப் பட்டியலில் வராமல் போனதால்தான் இப்படிக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். நான் மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையைச் சேர்ந்தவன். பெயர் வந்த குடும்பங்களுக்குச் சமுர்த்தியை விட அஸ்வெசும மேலானது என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் யார் வறியவர் என்று தீர்மானித்த அளவுகோல் எங்கள் பகுதி வீடுகளின் வரலாற்றை அறியாமல் செய்யப்பட்டது.

நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். 2015 இற்குப் பின்னர் நீண்ட காலம், நான்கு பேர் அல்லது அதற்கு மேற்பட்டோர் உள்ள குடும்பத்துக்குச் சமுர்த்தியாகக் கிடைத்தது மாதம் 3,500 ரூபாய். 2023 ஜூலையில் தொடங்கிய அஸ்வெசுமவில் மிக வறிய குடும்பங்களுக்கு 15,000 ரூபாவும் வறிய குடும்பங்களுக்கு 8,500 ரூபாவும் ஒதுக்கப்பட்டன. 2025 ஜனவரியில் இவை 17,500 ஆகவும் 10,000 ஆகவும் உயர்ந்தன. கட்சிக்காரர் கைகாட்டியவர்கள் சமுர்த்திப் பட்டியலில் இருந்ததையும் வசதி வந்த பிறகும் அதை விட்டுக்கொடுக்காதவர்கள் இருந்ததையும் நான் மறுக்கவில்லை. ஆகவே பழையதற்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று யாரும் எழுத வேண்டாம்.

என் மூத்த அக்காவின் பெயர் முதற் பட்டியலில் இல்லை. அத்தான் வயல் வேலைக்குக் கூலியாகப் போகிறவர். அறுவடை இயந்திரங்கள் வந்த பிறகு அவருக்கு வெட்டுக் காலத்தில் கிடைத்து வந்த வேலையும் குறைந்துவிட்டது. அக்கா வீட்டிலிருந்து பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறார். போருக்குப் பின்னர் வந்த இந்திய வீட்டுத்திட்டத்தில் அவர்களுக்கு ஒரு வீடு கிடைத்தது. அத்திட்டம் கொடுத்தது 550,000 ரூபாய், அதுவும் தவணைகளாக. கல்லும் சீமெந்தும் மரமும் விலையேறிய காலத்தில் அந்தத் தொகைக்குள் வீட்டை முடிக்க எங்கள் ஊரில் பலரால் இயலவில்லை. அக்கா காப்பை அடகு வைத்தார், அது போதாமல் நுண்கடன் எடுத்தார், அதை அடைக்க இன்னொரு நுண்கடன் எடுத்தார். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஓடு போட்ட கல்வீடு தெரியும். அந்த வீடு எவ்வளவு கடனில் நிற்கிறது என்பது அக்கம்பக்கத்தாருக்குத்தான் தெரியும்.

அஸ்வெசுமவுக்கு விபரம் எடுக்க வந்த பிள்ளை மரியாதையானவர், அவரிலும் எனக்குக் குறையில்லை. நிலம் சீமெந்தா, சுவர் எதனால் ஆனது, வீடு எத்தனை சதுர அடி, மின்பட்டியல் எவ்வளவு என்று ஒழுங்காகக் கேட்டு, கைப்பேசியில் பதிந்தார். தையல் இயந்திரம் ஓடுவதால் அக்காவின் மின்பட்டியல் அயல்வீட்டை விடக் கூடுதலாக இருந்தது. அதற்கு மேல் 2022 ஆகஸ்டிலும் 2023 பெப்ரவரியிலும் கட்டணம் பெருமளவு உயர்த்தப்பட்டிருந்தது. "பின்னால குசினியையும் ஒருக்காப் பாருங்க மகள்" என்று அக்கா கூப்பிட்டார். கிடுகு வேய்ந்த அந்தக் குசினியில் மூன்று கல் வைத்த அடுப்பும் ஒரு பானை மரவள்ளிக்கிழங்கும் இருந்தன. அந்தப் பிள்ளை எட்டிப் பார்த்துவிட்டு, படிவத்தில் கேட்பதைத்தான் தன்னால் பதிய முடியும் என்றார். தையல் மேசை லாச்சிக்குள் இருந்த கடன் புத்தகங்களை அவர் கேட்கவும் இல்லை, வெட்கத்தில் அக்கா காட்டவும் இல்லை.

கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலைமை, குடும்ப அமைப்பு என்ற ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு மதிப்பிட்டார்கள். 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 வீதத்தைத் தொட்டு, நாட்டில் பெருந்தொகையான குடும்பங்கள் ஒரே ஆண்டில் வறுமைக்குள் விழுந்திருந்தன. நேற்று விழுந்த குடும்பத்திடமும் பழைய காலத்தில் கட்டிய சுவர் இருக்கும். சுவரைப் பார்த்து இன்றைய வருமானத்தைக் கணித்தால் அந்தக் குடும்பம்தான் வெளியே நிற்கும். மாட்டையும் சொத்தாகக் கணக்கிட்டார்கள். மயிலத்தமடு, மாதவணை மேய்ச்சல் தரைக்காக எங்கள் பண்ணையாளர்கள் 2023 செப்டெம்பரில் சித்தாண்டியில் போராட்டம் தொடங்கியதை அறிந்தவர்களுக்கு, மேய்க்க இடமில்லாத மாடு எந்த வகைச் சொத்து என்று விளங்கும்.

என்னை மிகவும் வருத்தியது ஆட்சேபனை முறை. பெயர் வராதவர் மேன்முறையீடு செய்யலாம் என்பது நியாயம். பெயர் வந்தவருக்கு எதிராக எவரும் ஆட்சேபனை தெரிவிக்கலாம் என்பதும் காகிதத்தில் நியாயமாகவே தெரியும். ஊருக்குள் அது, யார் எழுதிப் போட்டது என்று உறவுக்குள்ளேயே சந்தேகம் கொள்ள வைத்தது. எங்கள் கோயில் சடங்குக்கு ஒன்றாக நெல் குற்றிய இரண்டு வீட்டார் இன்றும் முகம் பார்ப்பதில்லை.

"வீடும் வேண்டும், நிவாரணமும் வேண்டுமா" என்று சிலர் கேட்பார்கள் என்பது எனக்குத் தெரியும். வீட்டை அரிந்து சோறாக்க முடியாது. விற்றால் குடியிருக்க இடமில்லை.

அக்காவுக்கு மேன்முறையீட்டின் பின்னர், பாதிக்கப்படக்கூடிய குடும்பங்களுக்கான 5,000 ரூபாய்ப் பிரிவு கிடைத்தது. அந்தக் காசு பெரும்பாலும் கடன் தவணைக்கே போனது. ஆனாலும் தவணை நாளில் வீட்டுக்கு வருபவரின் சத்தம் குறைந்தது என்பதால், உதவவில்லை என்று நான் சொல்லமாட்டேன். உங்கள் வீட்டிலும் இதே நிலை என்றால், மேன்முறையீட்டுக்குப் போகும்போது வருமானத்தைப் பற்றி மட்டும் எழுதாமல், வீடு எந்தத் திட்டத்தில் கிடைத்தது, முடிக்க எவ்வளவு கடன் பட்டீர்கள் என்பதையும் எழுதி, அடகுச் சீட்டு, கடன் புத்தகம் ஆகியவற்றின் பிரதிகளை இணைத்து, பிரதேச செயலகத்தில் நேரில் கொடுங்கள். கொடுத்ததற்குத் திகதியிட்ட கையொப்பம் வாங்காமல் திரும்ப வேண்டாம்.