முன்னேறு மார்ஷல் புளூச்சர்: கேட்டவர்களுக்குப் பதில்கள்

1815-இல் நெப்போலியன் கடைசியாகத் தோற்ற வாட்டர்லூ போர் என்றாலே பிரெஞ்சுப் பேரரசர் நெப்போலியன், பிரிட்டிஷ் தளபதி வெல்லிங்டன் என்ற இரண்டு பேரோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அன்று சாயங்காலம் சேற்றில் நடந்து வந்து சேர்ந்த பிரஷ்யப் (அன்றைய ஜெர்மன் நாடுகளில் ஒன்று) படையையும், அதன் தலைவரான 72 வயது புளூச்சரையும் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதுகிறேன்.

புளூச்சர் முதலில் பிரஷ்யாவுக்கு எதிராகப் போரிட்டவர் என்கிறார்களே, உண்மையா சார்?

உண்மைதான். அவர் பிறந்தது 1742 டிசம்பர் 16 அன்று, பால்டிக் கரையோர ரோஸ்டாக் நகரில். அது மெக்லன்பர்க் நாடு, பிரஷ்யா அல்ல. ஏழாண்டுப் போர் நடந்துகொண்டிருந்த 1758-இல், பதினாறு வயதுகூட நிறையாத பையனாக ஸ்வீடன் நாட்டு ஹுஸார் குதிரைப்படையில் சேர்ந்தார். ஸ்வீடன் அப்போது பிரஷ்யாவின் எதிரி. 1760-இல் பிரஷ்ய ஹுஸார்கள் அவரைச் சிறைபிடித்தார்கள். அந்தப் படையின் தளபதி பெல்லிங்குக்குப் பையனின் துணிச்சல் பிடித்துப்போய்விட்டது, தன் படையிலேயே சேர்த்துக்கொண்டார். எந்தப் படை பிடித்ததோ அதே படையில்தான் அவர் வாழ்க்கை தொடங்கியது.

பிரஷ்யாவின் மகா பிரெடரிக் மன்னரே அவரை வேலையை விட்டு அனுப்பினாராமே? ஏன்?

1772-இல் போலந்தில் கிளர்ச்சிக்காரர்களை அடக்கப் போன இடத்தில், சந்தேகப்பட்ட ஒரு பாதிரியாரைச் சுட்டுக் கொல்லப்போவதாக நாடகமாடி மிரட்டினார். இதற்கு நான் எந்தச் சமாதானமும் சொல்லமாட்டேன், கொடுமையான செயல். அதனால் பதவி உயர்வு வேறொருவருக்குப் போனது. கோபத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதினார். "கேப்டன் புளூச்சர் எக்கேடும் கெட்டுப் போகட்டும்" என்ற பொருளில் மன்னர் 1773-இல் அவரை விடுவித்துவிட்டார். அப்புறம் பதினான்கு வருடம் பொமரேனியாவில் விவசாயம், மனைவி, குழந்தைகள். திரும்ப எடுத்துக்கொள்ளும்படி விண்ணப்பித்தும் பிரெடரிக் மனம் இரங்கவில்லை. 1786-இல் மன்னர் இறந்தார். அடுத்த வருடமே புளூச்சர் பழைய படைக்கு மேஜராகத் திரும்பினார். வயது 44.

1806-இல் அவரும் பிரெஞ்சுக்காரர்களிடம் சரணடைந்தவர்தானே? அப்புறம் என்ன வீரர்?

நியாயமான கேள்வி. அக்டோபர் 14-இல் யேனா, ஆவர்ஸ்டெட் இரண்டு களங்களிலும் நெப்போலியனின் படைகளிடம் பிரஷ்யா நொறுங்கியது. அதன்பின் நடந்ததுதான் பெரிய அவமானம். ஸ்டெட்டின் போன்ற பலமான கோட்டைகள் சண்டையே இல்லாமல் கதவைத் திறந்துவிட்டன. புளூச்சர் மட்டும் மிச்சமிருந்த வீரர்களைக் கூட்டிக்கொண்டு, மூன்று பிரெஞ்சு மார்ஷல்கள் துரத்த, வடக்கே லூபெக் நகரம் வரை போனார். அவர் உள்ளே நுழைந்ததால் அந்த நடுநிலை நகரத்தின் மக்கள் பிரெஞ்சுப் படையின் கொள்ளைக்கு ஆளானார்கள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நவம்பர் 7, ராட்டெகாவ் கிராமம். இனிப் போக இடமில்லை. சரணாகதிப் பத்திரத்தில் கையெழுத்திடும்போது, ரொட்டியும் தோட்டாவும் தீர்ந்துபோனதால்தான் சரணடைகிறேன் என்று தன் கைப்பட எழுதவேண்டும் என்று பிடிவாதம் பிடித்தார், எழுதினார். எத்தனையோ தளபதிகள் காரணமே சொல்லாமல் வாளைக் கொடுத்த மாதத்தில் அந்த ஒரு வரிக்குத் தனி மதிப்பு உண்டு. 1807-இல், பிரஷ்யர்களிடம் சிக்கியிருந்த பிரெஞ்சு மார்ஷல் விக்டருக்குப் பதிலாக அவரை விடுவித்தார்கள்.

அவருக்கு மனநோய் இருந்தது, வயிற்றில் யானை இருப்பதாக நம்பினார் என்பதெல்லாம் கட்டுக்கதையா அண்ணா?

யானைக் கதையைச் சொன்னவர்களில் வெல்லிங்டனும் ஒருவர். 1808 வாக்கில் புளூச்சர் உடலாலும் மனதாலும் மிகவும் நொந்திருந்தார் என்பது மட்டும் நிச்சயம். தோற்ற நாடு, கையைக் கட்டிப்போட்ட வேலை, தீராத நோய். இதைச் சிரிப்புக்காகப் பகிர்கிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். ராணுவச் சீர்திருத்தத்தின் தலைமகனான ஷார்ன்ஹோர்ஸ்ட் அப்போது அவருக்கு எழுதியதன் சாரம் இது: உங்களைப் பல்லக்கில் வைத்துத் தூக்கிக்கொண்டு போகவேண்டி வந்தாலும் எங்கள் தலைவர் நீங்கள்தான். நோயாளி என்று ஒதுக்காமல் அப்படி நம்பினார்கள். அவரும் எழுந்து வந்தார்.

திட்டம் போட்டதெல்லாம் அவருடைய தலைமை உதவித் தளபதி க்னைசெனாவ், புளூச்சர் வெறும் முரட்டுக் குதிரைக்காரர் என்கிறாரே என் பேராசிரியர்?

பாதி சரி. வரைபடமும் கணக்கும் தன் வேலையல்ல என்பது புளூச்சருக்கே தெரியும், ஊரறியச் சொல்லவும் செய்தார். 1814-இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தபோது, "நான் டாக்டர் என்றால் க்னைசெனாவைக் கம்பவுண்டர் ஆக்குங்கள், மாத்திரை செய்தது அவர்தான்" என்கிற மாதிரி சொன்னாராம்.

ஆனால் தோல்வியில் துவண்ட ஒரு படையை மறுநாள் காலை எழுப்பி நடக்கவைக்க எந்தத் திட்டத்தாலும் முடியாது. நெப்போலியனை மறுபடி எதிர்த்த போரில், 1813 ஆகஸ்ட் 26, கட்ஸ்பாக் ஆற்றங்கரை. கொட்டும் மழையில் வெடிமருந்து நனைந்து துப்பாக்கிகள் வெடிக்கவில்லை. துப்பாக்கிக் கட்டையாலும், முனையில் மாட்டிய பயனெட் கத்தியாலும் சண்டை. மக்டொனால்டின் பிரெஞ்சுப் படையை வெள்ளம் ஓடிய ஆற்றுக்குள் தள்ளினார்கள். "முன்னேறு" என்பதே அவர் வாயில் எப்போதும் இருந்த சொல். 1813-இல் "முன்னேறு மார்ஷல்" என்ற பெயர் நிலைத்தது.

வாட்டர்லூவில் அவர் சரியாக என்ன செய்தார்?

இரண்டு நாள் முன்னாலிருந்து சொன்னால்தான் புரியும். 1815 ஜூன் 16, லின்யி. நெப்போலியன் பிரஷ்யர்களைத் தோற்கடித்தார். இருட்டும் நேரத்தில் புளூச்சர் தானே குதிரைப்படையை நடத்திப் பாய்ந்தார். இங்கிலாந்து இளவரசர் பரிசளித்த சாம்பல் குதிரை குண்டடிபட்டு அவர்மேலேயே விழுந்தது. உதவியாளர் நோஸ்டிட்ஸ் பக்கத்திலேயே நின்றார். பிரெஞ்சுக் குதிரைவீரர்கள் தாண்டிப் போனார்கள், திரும்பியும் வந்தார்கள். அடியில் கிடந்த கிழவர் யாரென்று ஒருவருக்கும் தெரியவில்லை.

அவர் எங்கே என்றே தெரியாத அந்த நேரத்தில் க்னைசெனாவ் பின்வாங்கச் சொன்னது வடக்கே வாவர் ஊருக்கு. கிழக்கே, தங்கள் பாதுகாப்பான பாதையில் போயிருந்தால் வெல்லிங்டன் தனியாக மாட்டியிருப்பார்.

மீட்டு வந்தவருக்கு உடம்பெல்லாம் காயம். பூண்டும் பிராந்தியும் கலந்து தேய்த்தார்கள். லின்யியில் இடது கையை இழந்த பிரிட்டிஷ் தொடர்பு அதிகாரி ஹார்டிஞ்சைக் கட்டிப்பிடித்து, "கொஞ்சம் நாறுகிறேன்" என்றாராம். (அந்த ஹார்டிஞ்ச்தான் 1844-இல் இந்தியாவின் கவர்னர் ஜெனரலானவர்.)

18-ஆம் தேதி, வாவரிலிருந்து களம் நோக்கி நடை. முந்தைய நாள் மழையில் பாதையெல்லாம் சேறு, பீரங்கிச் சக்கரங்கள் புதைந்தன. இனி முடியாது என்ற வீரர்களிடம், "வெல்லிங்டனுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன், நான் சொல் தவறுவதை நீங்கள் விரும்பமாட்டீர்களே" என்றார் கிழவர். மாலை நாலரை மணி வாக்கில் பிரஷ்யத் தளபதி பியூலோவின் பிரிவு காட்டிலிருந்து வெளிப்பட்டது. பிளான்செனுவா கிராமத்தில் வீட்டுக்கு வீடு சண்டை. நெப்போலியன் தன் காவல் படையையே பிரித்து அங்கே அனுப்ப வேண்டியதாயிற்று.

இந்த வெல்லிங்டன்தான் நம் திப்பு சுல்தானோடு போரிட்டவரா?

அவரேதான். 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஆர்தர் வெல்லெஸ்லி என்ற பெயரில் இருந்தவர்.

அப்போ வெற்றி யாருடையது?

இருவருடையதும். பகல் முழுக்கத் தாங்கி நின்றது வெல்லிங்டனின் படை, ஆனால் புளூச்சர் வருவார் என்ற நம்பிக்கையில்தான் அவர் அங்கே நின்றார். அன்று மட்டும் சுமார் 7,000 பிரஷ்யர்கள் இறந்தோ காயப்பட்டோ காணாமலோ போனார்கள். அவர்களை ஒரு அடிக்குறிப்பாகச் சுருக்குவதை என்னால் ஏற்க முடியவில்லை.

அவரிடம் உங்களுக்குப் பிடிக்காதது?

சூதாட்டம். அப்புறம் பழிவாங்கும் வெறி. பாரிஸில், பிரஷ்யாவின் 1806 தோல்வியை நினைவூட்டும் யேனா என்ற பெயர் கொண்ட பாலத்தையே வெடிவைத்துத் தகர்க்கப் பார்த்தார், நல்லவேளை தடுத்துவிட்டார்கள்.

அவர் கல்லறை எங்கே இருக்கிறது ஐயா?

1819 செப்டம்பர் 12-இல் சைலீசியாவில் தன் பண்ணை ஊரான கிரீப்லோவிட்ஸில் இறந்தார். அது இன்று போலந்தில், வ்ரோட்ஸ்வாஃப் நகருக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே கட்டிய கல் மண்டபத்தை 1945-இல் சோவியத் வீரர்கள் உடைத்து எலும்புகளைச் சிதறடித்தார்கள். மிஞ்சியதை ஒரு போலந்துப் பாதிரியார் பொறுக்கியெடுத்துப் பக்கத்து ஊர்த் தேவாலயத்தில் அடக்கம் செய்ததாகச் சொல்கிறார்கள். 1772-இல் மிரட்டப்பட்டவரும் போலந்துப் பாதிரியார்தான்.