பந்தியில் இடம், பத்திரத்தில் பங்கு

வாசகர் கேள்விகளுக்கு, கிருஷ்ணகிரியில் வசிக்கும் ஓய்வு பெற்ற வரலாற்று ஆசிரியை பதில் சொல்கிறார்.

கேள்வி: கல்லூரிப் பேச்சுப் போட்டிக்கு 'மதங்களும் சமத்துவமும்' என்று தலைப்பு கொடுத்திருக்கிறார்கள். அடிமை முறையை ஒழித்ததே இஸ்லாம்தான் என்கிறாள் என் தோழி. சீக்கியர்களிடம் அடிமை முறையே இருந்ததில்லை என்று நான் எழுதி வைத்திருக்கிறேன். யார் சொல்வது சரி, டீச்சர்?
— கல்லூரி மாணவி, பாலக்கோடு

கண்ணு, இரண்டு பேருமே கொஞ்சம் திருத்தி எழுதுங்கள். மேடையில் யாராவது எழுந்து கேள்வி கேட்டால் திணறக் கூடாது.

உன் தோழியின் பேச்சை முதலில் பார்ப்போம். 7-ஆம் நூற்றாண்டு அரேபியாவில் அடிமை முறை ஊறிப்போயிருந்தது. குர்ஆன் அதை ஒரேயடியாகத் தடை செய்யவில்லை. ஆனால் அதிலிருந்து வெளியே வர வழிகளைத் திறந்தது. 90-ஆம் அத்தியாயம், கடினமான மேட்டுப் பாதை எது தெரியுமா என்று கேட்டுவிட்டு, 'ஒரு கழுத்தை விடுவிப்பது' என்று பதில் சொல்கிறது. நுகத்தடி பூட்டிய கழுத்தைப் பார்த்து வளர்ந்த நமக்கு அந்தச் சொல் உடனே புரியும். தவறுதலாக ஒருவரைக் கொன்றுவிட்டால் அதற்குப் பரிகாரத்தில் ஓர் அடிமையை விடுதலை செய்ய வேண்டும். செய்த சத்தியத்தை முறித்தாலும் அடிமையை விடுவிப்பது பரிகாரங்களில் ஒன்று. பணம் சம்பாதித்துக் கொடுத்து விடுதலையாகிறேன் என்று அடிமை கேட்டால், அவரிடம் நன்மையைக் கண்டால் எழுதிக் கொடுங்கள் என்கிறது 24-ஆம் அத்தியாயம்.

அப்புறம் பிலால். எங்கள் வீடு பழையபேட்டையில். விடியற்காலை பாங்கு கேட்டதும்தான் அம்மா எழுந்து அடுப்பு பற்றவைப்பார், அதுதான் அவருக்குக் கடிகாரம். அந்த அழைப்பை முதன்முதலில் சொன்னவர் பிலால் என்ற கறுப்பின அடிமை என்பது எனக்குக் கல்லூரிக்குப் போன பிறகுதான் தெரிந்தது. புதிய மார்க்கத்தை விடச் சொல்லி எஜமான் அவரைச் சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் கல்லை ஏற்றினான். 'ஒருவனே, ஒருவனே' என்று சொல்லிக்கொண்டே கிடந்தார். நபிகளின் தோழர் அபூபக்கர் விலை கொடுத்து மீட்டார். 630-இல் மக்கா நபிகள் வசமானபோது கஅபா ஆலயத்தின் மேல் ஏறி நின்று அழைப்பு விடுத்தது அதே பிலால்தான். குலப்பெருமை பேசிய மக்காவின் குறைஷித் தலைவர்கள் கீழே நின்று அண்ணாந்து பார்த்தார்கள். பேச்சில் இதை அவசியம் சொல்லச் சொல்.

ஆனால் அதோடு நிறுத்திவிடக் கூடாது. போரில் பிடிபட்டவர்களை அடிமையாக்கலாம், எஜமான் தன் அடிமைப் பெண்ணோடு கூடலாம் என்பதையும் இஸ்லாமியச் சட்டம் அனுமதித்தது. அடிமை வியாபாரம் அதன்பின் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேல் நடந்தது. 869 முதல் 883 வரை இராக்கின் பஸ்ரா பக்கத்தில் ஆப்பிரிக்க அடிமைகள் 14 ஆண்டுகள் கலகம் செய்தார்கள் என்றால் அவர்கள் பட்ட பாட்டை யோசித்துப் பார். துனிசியா 1846-இலும் சவூதி அரேபியா 1962-இலும் மொரிட்டானியா 1981-இலும்தான் தடை கொண்டுவந்தன.

இப்போது உன் பேச்சு. குரு நானக் பிறந்தது 1469-இல், நபிகள் காலத்துக்கு எண்ணூறு ஆண்டுகளுக்கும் மேல் பின்னால். சீக்கியர்களின் குரு கிரந்த சாஹிப் பாடல்களின் தொகுப்பு, சட்டநூல் இல்லை. அதனால் அடிமையை எப்படி நடத்த வேண்டும் என்ற விதியை அதில் தேட முடியாது. ஆனால் பாபரின் படை பஞ்சாபின் சையத்பூரைச் சூறையாடியபோது நானக் பாடிய பாடல்கள் இருக்கின்றன. வகிட்டில் குங்குமம் வைத்த தலைகள் மழிக்கப்பட்டதையும், பெண்கள் கயிறு கட்டி இழுத்துச் செல்லப்பட்டதையும் பாடுகிறார். இந்துப் பெண், துருக்கப் பெண் என்று இருவரையும் சேர்த்தே அழுகிறார். இவ்வளவு அடி விழுந்ததே, உனக்கு வலிக்கவில்லையா என்று கடவுளையே கேட்கிறார். நாற்பது முறையாவது படித்திருப்பேன், அந்த வரியில் இன்றும் நின்றுவிடுவேன்.

சரி, சீக்கியர்களிடம் அடிமைகளே இல்லையா? 1839-இல் மகாராஜா ரஞ்சித் சிங் இறந்தபோது சிதையில் நான்கு ராணிகளும் ஏழு அடிமைப் பெண்களும் எரிந்தார்கள். உடன்கட்டையைக் கண்டித்த மூன்றாம் குரு அமர்தாஸ் மறைந்து அப்போது 250 ஆண்டுகளுக்கும் மேல் ஆகியிருந்தது. 'இருந்ததில்லை' என்ற சொல்லை அடித்துவிடு.

நம் பக்கமும் சுத்தமில்லை என்பதை ஒரு வரியாவது சேர்த்துக்கொள். புத்தூரில் கிழவராக வந்த சிவன் சுந்தரரின் கல்யாணத்தை நிறுத்தியது எதைக் காட்டி? 'உன் பாட்டன் தானும் தன் வழி வருபவரும் எனக்கு அடிமை என்று எழுதிக் கொடுத்த ஆளோலை இது' என்றுதானே. அந்தணர் அடிமையாவது உலகில் இல்லையே என்று திருவெண்ணெய்நல்லூர்ச் சபை முதலில் சொன்னாலும், ஓலையைப் பார்த்ததும் அது செல்லும் என்றே தீர்ப்புச் சொன்னது.

கேள்வி: இஸ்லாத்தில் மகனுக்குக் கிடைப்பதில் பாதிதான் மகளுக்கு. சீக்கியத்தில் ஆணும் பெண்ணும் சமம். அப்படியிருக்க, பெண்ணுரிமையில் இரண்டையும் ஒரே தட்டில் வைத்துப் பேசுவது நியாயமா?
— வாசகர், ஓசூர்

ஐயா, என் கதையைச் சொல்லிவிட்டுப் பதிலுக்கு வருகிறேன்.

எனக்குக் கல்யாணம் ஆனது 1983-இல். பரம்பரைச் சொத்தில் மகளுக்கும் சம உரிமை என்று தமிழ்நாடு 1989-இல் சட்டம் கொண்டுவந்தது. ஆனால் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்கு அது கிடையாது. நான் வெளியே நின்றேன். 2005-இல் மத்திய சட்டம் அந்த வேலியையும் எடுத்தது. 2007-இல் அப்பா இறந்தார். காவேரிப்பட்டணம் பக்கம் இரண்டரை ஏக்கர் மாந்தோப்பு. காரியம் முடிந்த மூன்றாம் வாரம் அண்ணன் வந்து, 'ஒரு கையெழுத்துதான் பாப்பா' என்றார். சார்பதிவாளர் அலுவலகத்தில் போட்டோ எடுத்தார்கள், விரலில் மை தடவிப் பதிந்தார்கள். அண்ணன் தன் கைக்குட்டையால் என் விரலைத் துடைத்துவிட்டார். அன்பாகத்தான் துடைத்தார். சாயந்தரம் அண்ணி ஒரு பட்டுப்புடவை கொடுத்தார். அந்தப் புடவை பீரோவில் இருக்கிறது, இன்னும் கட்டவில்லை. நான் கையெழுத்திட்ட தாளுக்குப் பெயர் விடுதலைப் பத்திரம்.

அதே தெருவில் என்னோடு படித்த முஸ்லிம் தோழி. அவர் வீட்டிலும் அவருடைய அப்பா இறந்தார். ஜமாஅத் பெரியவர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்டார்கள். இரண்டு தம்பிகள், ஒரு அக்கா. மொத்தம் ஐந்து பங்கு. தம்பிகளுக்கு இரண்டிரண்டு, அவருக்கு ஒன்று. அந்த ஒன்றுக்கு ஒரு கடை அறை வந்தது. இன்றைக்கும் அதன் வாடகையில்தான் சர்க்கரை மாத்திரை வாங்குகிறார். எனக்குச் சட்டப்படி முழுச் சமம், கையில் ஒன்றுமில்லை. அவருக்குப் பாதி, அது கைக்கு வந்தது.

பாதி போதும் என்று நான் சொல்லவில்லை. குடும்பத்தைத் தாங்கும் பொறுப்பு ஆணுக்கு, அதனால் அவனுக்கு இரட்டிப்பு என்பது அன்றைய கணக்கு. தோழி தையல் போட்டுத் தன் பிள்ளைகளைத் தானே கரையேற்றினார், அவருக்கு அந்தக் கணக்கு பொருந்தவே இல்லை. நான்கு மனைவிவரை அனுமதி, கணவனுக்கு மனைவி மேல் அதிகாரம் தரும் குர்ஆனின் 4:34 வசனம், இவையெல்லாம் எனக்கு ஒப்பாதவை. அந்த வசனத்தை எப்படி வாசிப்பது என்று முஸ்லிம் பெண் அறிஞர்களே இன்று வாதாடுகிறார்கள். ஒரே மூச்சில் முத்தலாக் சொல்வது செல்லாது என்று 2017-இல் தீர்ப்பு வாங்கியதும் வழக்குப் போட்ட முஸ்லிம் பெண்கள்தான். அதே சமயம், 7-ஆம் நூற்றாண்டில் மகளுக்கு இவ்வளவு என்று எழுத்தில் நிர்ணயித்ததும், மணமகன் தரும் மஹர் என்ற மணக்கொடையை அவள் அப்பனுக்கு இல்லாமல் அவளுக்கே உரியதாக்கியதும் சின்ன விஷயமில்லை. வரதட்சணைக்கு வட்டிக்கு வாங்கும் நம் ஊரில் உட்கார்ந்துகொண்டு அதை இளப்பமாகப் பேச எனக்கு வாய் வரவில்லை.

சீக்கியத்தில் சொல் இன்னும் தெளிவு. 'அரசர்களைப் பெற்றெடுப்பவளை எப்படித் தாழ்ந்தவள் என்பது' என்று 'ஆசா தி வார்' என்ற பாடலில் நானக் கேட்கிறார். பெண்ணும் கிரந்தம் வாசிக்கலாம். 1705-இல் முக்த்சர் போரில் மாயி பாகோ ஆயுதம் ஏந்தி நின்றார். சீக்கியக் கோயில்களின் நிர்வாகத்துக்கான 1925-இன் குருத்வாரா சட்டம் பெண்களுக்கும் வாக்குரிமை கொடுத்தது. ஆனால் அந்தச் சட்டத்தின் கீழ் அமைந்த நிர்வாகக் குழுவுக்கு ஒரு பெண் தலைவராக 1999 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமிர்தசரஸ் பொற்கோயிலின் கருவறையில் பெண்கள் கீர்த்தனை பாடுவது இன்னும் நடக்கவில்லை. 2011 கணக்கெடுப்பில் பஞ்சாபில் 6 வயதுக்கு உட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்கு 846 பெண் குழந்தைகள்தான். மகளைக் கொல்பவனோடு உறவு வைத்துக்கொள்ளாதே என்று சீக்கிய நடத்தை விதி சொல்லியிருந்தும் இந்த எண்.

அந்த எண்ணைப் பார்த்து நாம் முகம் சுளிக்க முடியாது. 1992-இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் 2001-இல் தருமபுரிக்கும் வந்தது, ஏன் வந்தது என்று உங்களுக்கும் தெரியும். அப்போது கிருஷ்ணகிரியும் தருமபுரி மாவட்டம்தான். அரேபியாவில் பெண் சிசுக்களை உயிரோடு புதைத்ததை நடத்தும்போது, குர்ஆனின் 81-ஆம் அத்தியாயத்தை வகுப்பில் சொன்னேன். 'எந்தக் குற்றத்துக்காக நீ கொல்லப்பட்டாய்' என்று இறுதி நாளில் அந்தக் குழந்தையிடமே கேட்கப்படும் என்று வரும். பின் பெஞ்சில் இருந்து ஒரு பெண் எழுந்தாள். 'எங்க வீட்ல எனக்கு முந்தி ரெண்டு டீச்சர்' என்றாள். உட்கார் என்று சொல்லக்கூட எனக்குக் குரல் வரவில்லை. பாடத்தை அன்று அத்தோடு நிறுத்திவிட்டேன்.

கேள்வி: இந்த இரண்டில் ஏதாவது ஒன்றுக்கு மாறினால் சாதி போய்விடுமா?
— வாசகர், அரூர்

பந்தியில் போகும், கொஞ்ச நேரம்.

கர்நாடகத்தின் பீதர் நகரத்தில் நானக் ஜீரா குருத்வாராவுக்கு அம்மாவை அழைத்துப் போயிருந்தேன். தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நீளப் பாயில் உட்கார்ந்தோம். எனக்கு வலப்பக்கம் காரில் வந்த குடும்பம், இடப்பக்கம் சாலை வேலை செய்பவர், கைவிரல் இடுக்கில் தார் இருந்தது. ரொட்டிக் கூடையோடு வந்த தலைப்பாகைப் பெரியவரிடம் அம்மா ஒரு கையை நீட்டினார். அவர் சிரித்துக்கொண்டே இரண்டு கையையும் சேர்த்துக் காட்டினார். இரண்டு கையேந்தித்தான் வாங்க வேண்டும், காரில் வந்தவரும் அப்படித்தான். களி இல்லாமல் சாப்பாடு இறங்காத என் அம்மா மூன்று ரொட்டி சாப்பிட்டார். எழுந்தபின், 'யாரும் எந்த ஊரு, என்ன ஆளுங்கன்னு கேக்கலியே' என்றார். அவருக்கு எழுபது வயதில் அது முதல் தடவை.

1699-இல், தலை கொடுக்க யார் வருவீர்கள் என்று பத்தாம் குரு கோபிந்த் சிங் கேட்டபோது முதலில் எழுந்த ஐவரில் ஒருவர் அந்த பீதரைச் சேர்ந்த நாவிதர். இன்னொருவர் தண்ணீர் சுமப்பவர், ஒருவர் துணிக்கு அச்சுப் போடுபவர். அவர்களுக்கு அமிர்தம் என்ற தீட்சை நீரைக் கொடுத்த குரு, பிறகு அவர்கள் கையாலேயே தானும் வாங்கிக் குடித்தார். இஸ்லாத்திலும் 49:13 வசனம் குலமும் கோத்திரமும் ஒருவரை ஒருவர் அறிந்துகொள்ளத்தான் என்கிறது. தொழுகை வரிசையில் தோளோடு தோள் ஒட்டி நிற்க வேண்டும், முதலாளிக்குத் தனி இடம் கிடையாது.

ஆனால் பஞ்சாப் கிராமங்களில் தலித் சீக்கியர்களுக்குத் தனிக் குருத்வாராவும் தனிச் சுடுகாடும் இருக்கின்றன. முஸ்லிம்களிலும் சம்பந்தம் பேசும்போது வம்சம் விசாரிப்பவர்கள் உண்டு. அரசாங்கமே 1956-இல் சீக்கியர்களையும் 1990-இல் பௌத்தர்களையும் பட்டியல் சாதி வரையறைக்குள் சேர்த்தது, முஸ்லிம் ஆனவரைச் சேர்க்கவில்லை. நீங்கள் மாற நினைத்தால் இதைத் தெரிந்துகொண்டு முடிவெடுங்கள். கொட்டாங்குச்சியில் டீ வாங்கிக் குடித்த ஒருவர் மரியாதை தேடிப் போவதை நான் ஒருநாளும் குறை சொல்ல மாட்டேன்.

கேள்வி: ஒரு செங்கல் சூளையில் ஒரு குடும்பம் 60,000 ரூபாய் முன்பணத்துக்காக வெளியே வர முடியாமல் இருக்கிறது. என் ஜகாத் (கட்டாய தர்மம்) பணத்தில் அந்தக் கடனை அடைத்து அவர்களை மீட்கலாமா?
— வாசகர், காவேரிப்பட்டணம்

பாய், உங்கள் கடிதத்தைப் படித்ததும் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன். என் வகுப்பில் ஏழாவது படித்த ஒரு பையன் தை மாதத்தில் காணாமல் போனான். அப்பா முன்பணம் வாங்கிவிட்டார், குடும்பமே சூளைக்குப் போய்விட்டது. தேடிப் போனபோது மண்ணை மிதித்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் காலை மண்ணுக்குள் மறைத்துக்கொண்டான். ஆயிரம் கல் அறுத்தால் இவ்வளவு என்று கூலி, அதில் அரிசிக்கும் மருந்துக்கும் பிடித்தம், வருஷம் முடிந்தால் கடன் முதலில் இருந்ததைவிடக் கூடியிருக்கும்.

முதலாளியிடம் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். 1976-இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனே செல்லாது. செல்லாத அந்தக் கடனுக்குப் பணம் வாங்குவதுதான் குற்றம், 3 ஆண்டுவரை சிறை. வருவாய்க் கோட்டாட்சியரிடமோ மாவட்ட ஆட்சியரிடமோ எழுத்தில் மனு கொடுங்கள். விசாரித்து, கொத்தடிமை என்று உறுதியானால் விடுதலைச் சான்று தருவார்கள். அந்தச் சான்று ஒவ்வொருவர் பேருக்கும் தனித்தனியாக வேண்டும், மனைவி பேரை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மறுவாழ்வு உதவிக்கு அதுதான் ஆதாரம்.

ஜகாத் செல்லுமா என்பதை உங்கள் பள்ளிவாசல் ஆலிமிடம் கேளுங்கள், அது நான் சொல்லும் விஷயமில்லை. குர்ஆனின் 9-ஆம் அத்தியாயம் ஜகாத்துக்குச் சொல்லும் எட்டு வகைகளில் கழுத்துகளை விடுவிப்பதும், ஏழைகளும், கடனாளிகளும் இருக்கிறார்கள் என்பதை அவரிடம் நினைவுபடுத்துங்கள். பணம் தேவைப்படுவது வெளியே வந்த மறுநாள். அட்வான்ஸ் கொடுத்து ஒரு வீடு, இரண்டு மாத அரிசி, அடுப்பு, பிள்ளைகளைத் திரும்பப் பள்ளியில் சேர்க்கும்போது நோட்டும் செருப்பும். இவை இல்லாமல் போனால் அடுத்த தை மாதம் வேறொரு சூளையில் முன்பணம் வாங்கிவிடுவார்கள். மனு எழுத உதவி வேண்டுமானால் பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், நான் உங்களோடு கோட்டாட்சியர் அலுவலகம் வருகிறேன்.