சிரிப்பே வராத காமெடியைப் பாக்கணுமா?

கேள்வி: அக்கா, நான் கல்யாணமாகி இங்கிலாந்து வந்து ரெடிங்ல இருக்கேன், ஒரு கேர் ஹோம்ல வேலை. அங்க இருக்கிற பெரியவங்களும் கூட வேலை பாக்குறவங்களும் ஃபால்ட்டி டவர்ஸ்னு ஒரு பழைய டிவி காமெடியைப் பத்திப் பேசிப் பேசி விழுந்து விழுந்து சிரிக்கிறாங்க, நான் மட்டும் புரியாம நிக்கிறேன். சரின்னு ரெண்டு மூணு எபிசோடு அங்கங்க ஓட்டிப் பாத்தேன். ஒருத்தன் கத்திக்கிட்டே இருக்கான், பின்னாடி சிரிப்புச் சத்தம் போடுறாங்க, பாவம் ஒரு வெளிநாட்டு வெயிட்டரைப் போட்டு அடிக்கிறான். எனக்குக் கோவம்தான் வந்துச்சு, நானும் இந்த ஊருக்கு வெளியாள்தானே. பாக்கணுமா, விட்டுடவா?

பதில்: வாங்க தங்கச்சி. உங்க கோவத்துல தப்பே இல்ல, அதனால அந்த வெயிட்டர் விஷயத்தையே முதல்ல பேசிடுவோம்.

மானுவேல் பார்சிலோனாக்காரன், அவனுக்கு இங்கிலீஷ் சரியா வராது, ஹோட்டல் ஓனர் பேசில் ஃபால்ட்டி அவனைத் தட்டுறான், குட்டுறான், கெஸ்ட் யாராவது குறை சொன்னா "அவன் பார்சிலோனாக்காரன்"னு சொல்லித் தப்பிச்சுக்குறான். ஆனா அங்கங்க ஓட்டிப் பாக்காம முழுசா ஒரு எபிசோடு பாத்தீங்கன்னா தெரியும், அந்த ஹோட்டல்லயே பொய் சொல்லத் தெரியாத, மனசார வேலை செய்யுற ஒரே ஆளு மானுவேல்தான். கடைசில அசிங்கப்பட்டு நிக்கிறது ஒவ்வொரு தடவையும் பேசில். சிரிக்கச் சொல்றது அவனைப் பாத்துதான், வெயிட்டரைப் பாத்து இல்ல. இன்னொண்ணும் சொல்றேன், மானுவேலா நடிச்ச ஆண்ட்ரூ சாக்ஸ் ஸ்பெயின்காரர் கிடையாது, 1930-ல பெர்லின்ல பொறந்தவர், அப்பா யூதர், நாஜிகளுக்குப் பயந்து 1938-ல அந்தக் குடும்பம் இங்கிலாந்துக்குத் தப்பி வந்துச்சு. பாஷை தெரியாத ஊருல ஒரு சின்னப் பையனா வந்து இறங்கினவர்தான் அந்த முழிக்கிற முழியை நமக்குக் காட்டுறார், இது தெரிஞ்சப்புறம் எனக்கு மானுவேல் மேல பாசமே வந்துடுச்சு.

அதுக்காக எல்லாத்தையும் ஏத்துக்கணும்னு சொல்லமாட்டேன். அங்க தங்கியிருக்கிற வயசான மேஜர், ஜெர்மன்காரங்க வர்ற எபிசோடுல கிரிக்கெட் பத்திப் பேசும்போது இந்தியர்களையும் வெஸ்ட் இண்டீஸ்காரங்களையும் சொல்ற வார்த்தை ரொம்ப அசிங்கம். 2020-ல ஒரு ஸ்ட்ரீமிங் தளத்துல அந்த எபிசோடையே கொஞ்ச நாள் எடுத்துட்டு அப்புறம் எச்சரிக்கை போட்டுத் திரும்ப வச்சாங்க. அந்த இடம் வந்தா தள்ளிவிட்டுட்டுப் போங்க, அதைப் பாத்து சிரிக்கணும்னு யாரும் உங்களைக் கட்டாயப்படுத்த முடியாது.

இப்ப ஏன் சிரிப்பு வரலங்கிறதுக்கு வர்றேன். மொத்தமே 12 எபிசோடுதான், 1975-ல 6, 1979-ல 6, ஒவ்வொண்ணும் அரை மணி நேரம். பேசிலா நடிச்ச ஜான் கிளீஸும், வெயிட்ரஸ் பாலியா நடிச்ச கானி பூத்தும் சேர்ந்து எழுதினது. அப்ப அவங்க புருஷன் பொண்டாட்டி, ரெண்டாவது சீரிஸ் வர்றதுக்குள்ள டைவர்ஸ் ஆயிடுச்சு, ஆனாலும் சேர்ந்தே எழுதி முடிச்சாங்க. இதுல ஜோக் தனித்தனியா இருக்காது, கோலத்துக்குப் புள்ளி வைக்கிற மாதிரி முதல் பத்து நிமிஷம் சும்மா புள்ளி மட்டும் வச்சுக்கிட்டே போவாங்க, அதைத் தள்ளிவிட்டுட்டு நடுவுல பாத்தா ஒரு ஆளு காரணமில்லாம கத்துற மாதிரிதான் தெரியும்.

கம்யூனிகேஷன் ப்ராப்ளம்ஸ்னு ஒரு எபிசோடு, ரெண்டாவது சீரிஸ்ல முதல்ல வர்றது, அதுலேர்ந்து ஆரம்பிங்க. மிசஸ் ரிச்சர்ட்ஸ்னு காது கேக்காத ஒரு அம்மா வந்து தங்குறாங்க, காது மெஷின் வச்சிருக்காங்க ஆனா பேட்டரி தீர்ந்துடும்னு அதை ஆன் பண்ணமாட்டாங்க, ரூம் சரியில்ல, ஜன்னல்ல பாத்தா ஒண்ணும் தெரியலன்னு ஒரே புகார். (கேர் ஹோம்ல வேலை பாக்குற உங்களுக்கு இந்த அம்மாவை நல்லா அடையாளம் தெரியும்னு நெனைக்கிறேன்.) இன்னொரு பக்கம் பேசில் பொண்டாட்டி சிபிலுக்குத் தெரியாம குதிரைப் பந்தயத்துல காசு கட்டி ஜெயிச்சுடுறான். அது மானுவேலுக்குத் தெரியும், அதனால அவனைத் தனியா இழுத்து, உனக்கு இதைப் பத்தி ஒண்ணுமே தெரியாது, யார் கேட்டாலும் ஒண்ணுமே தெரியாதுன்னு சொல்லணும்னு உருப்போட வைக்கிறான். அப்புறம் அந்தம்மா என் பணத்தைக் காணோம்னு சத்தம் போட, கையில இருக்கிற காசு தன்னோடதுதான்னு நிரூபிக்க பேசிலுக்கு ஒரு சாட்சி வேணும், மானுவேலைக் கூப்பிட்டு சொல்லுடாங்குறான், அவன் நெஞ்சை நிமித்திக்கிட்டு பெருமையா சொல்றான் பாருங்க, எனக்கு ஒண்ணுமே தெரியாதுன்னு. அந்த நேரத்துல பேசில் முகத்தைப் பாருங்க, அதுக்கு இங்கிலீஷே தேவையில்ல.

இதுல அடுத்தவனை மட்டம் தட்டுற சமாச்சாரம் எங்க இருக்கு, சொல்லுங்க? முதலாளி சொன்னதை அப்படியே நம்பி உண்மையா செஞ்சான் அந்தப் பையன், பொய் சொல்லக் கத்துக்கொடுத்தவன் தான் விரிச்ச வலையில தானே விழுந்தான். மேல இருக்கிறவன் கிட்ட குழைஞ்சு கீழ இருக்கிறவனைக் கடிக்கிற ஒரு மனுஷன், கௌரவம் போயிடக்கூடாதுன்னு ஒரு பொய் சொல்லி அதை மூட இன்னொண்ணு சொல்லி மாட்டிக்கிறான், 12 எபிசோடும் இதுதான். முதல் எபிசோடுல லார்டுன்னு சொல்லிக்கிட்டு வர்ற ஒரு ஃப்ராடு முன்னாடி எப்படி வளையுறான்னு பாருங்க, அந்த ஆளு பத்திரமா வைக்கச் சொல்லிக் குடுத்த பெட்டியைத் திறந்தா உள்ள செங்கல்.

அந்தச் சிரிப்புச் சத்தம் எரிச்சலா இருக்குன்னீங்க, அது ஸ்டுடியோவுல நேர்ல உக்காந்து பாத்த ஜனங்களோடது, நடிகர்களும் அதைக் கேட்டு நிறுத்தி நிறுத்தித்தான் நடிச்சிருக்காங்க. மேடை நாடகம் பாக்குறோம்னு நெனச்சுக்கிட்டா ஒரு எபிசோடுலயே பழகிடும்.

பேசிலை சும்மா கற்பனையிலயும் எழுதல. 1970-ல கிளீஸ் இருந்த மான்ட்டி பைதான்ங்கிற காமெடிக் குழு ஷூட்டிங்குக்காக டார்கீங்கிற கடலோர ஊருல ஒரு ஹோட்டல்ல தங்கினப்போ, அந்த ஹோட்டல் ஓனர், குழுவுல ஒருத்தரோட பையை பாம் இருக்குன்னு நெனச்சுத் தூக்கி வெளிய சுவர்கிட்ட வச்சுட்டாராம், அமெரிக்காக்காரர் ஒருத்தர் சாப்பிடுற விதத்தையும் கேலி பண்ணினாராம். மத்தவங்க வேற ஹோட்டலுக்குப் போயிட்டாங்க, கிளீஸ் மட்டும் அங்கயே தங்கி அவரைக் கவனிச்சுக்கிட்டே இருந்திருக்கார். வெளியூர்க்காரங்களை மதிக்கத் தெரியாத ஒரு ஆளைப் பாத்துதான் இந்த நாடகமே பொறந்துச்சு, உங்க கோவமும் அவர் மேலதானே.

அதனால என் யோசனை, விட்டுடாதீங்க. போனைத் தள்ளி வச்சுட்டு, இங்கிலீஷ் சப்டைட்டில் போட்டு, ஒரு நாளைக்கு ஒண்ணு பாருங்க, ரெண்டு சேத்துப் பாத்தா கத்தல் திகட்டிடும். நான் சொன்னதை முதல்ல, அடுத்து ஹோட்டல் இன்ஸ்பெக்டர்ஸ், அதுல ஸ்பூன் விக்கிறவரை இன்ஸ்பெக்டர்னு நெனச்சு விழுந்து விழுந்து கவனிப்பான். ஜெர்மன்காரங்க எபிசோடைக் கடைசியா வச்சுக்கோங்க. போரைப் பத்திப் பேசாதேன்னு உங்க ஆளுங்க அடிக்கடி சொல்லிச் சிரிச்சா, அது அங்கேர்ந்து வந்ததுதான்.

இன்னொண்ணு, நடந்தா ரொம்ப சந்தோஷப்படுவேன். 1975-ல இதை டிவியில வர்றப்பவே பாத்த பெரியவங்க உங்க ஹோம்லயே இருப்பாங்க, மேனேஜர்கிட்ட கேட்டுட்டு ஒரு சாயங்காலம் காமன் ரூம்ல அவங்களோட உக்காந்து பாருங்க, புரியாத இடத்துல நிறுத்தி இது என்னன்னு கேளுங்க, அப்ப எந்த வீட்டுல யாரோட உக்காந்து பாத்தாங்கங்கிற வரைக்கும் சொல்லுவாங்க. மானுவேலை அடிக்கிறது உங்களுக்குப் பிடிக்கலன்னா அதையும் அங்கயே சொல்லுங்க, தயங்காதீங்க. அஞ்சாறு எபிசோடு இப்படிப் பாத்த பிறகும் பிடிக்கலன்னா நிம்மதியா நிறுத்திடுங்க, எனக்கு மறுபடி எழுதுங்க, வேற ஒண்ணு சொல்றேன்.